விடுதலைக்கு நஷ்ட ஈடு: பணம் யார் கைக்குப் போச்சு?

2018 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் நிதியமைச்சகம் ட்விட்டரில் ஒரு "ஆச்சரியத் தகவல்" போட்டது. 1833ல் அடிமைகளை விடுவிக்க பிரிட்டன் 2 கோடி பவுண்டு செலவழித்தது, அதற்காக வாங்கிய கடன் 2015ல்தான் முழுசா அடைந்தது, ஆகவே வரி கட்டுகிற நீங்கள் எல்லோரும் அடிமை வியாபாரத்தை ஒழிக்க உதவியிருக்கிறீர்கள் என்பது அதன் சாரம். பெருமையாகத்தான் போட்டார்கள். ஆனால் வந்த எதிர்ப்பில் சீக்கிரமே நீக்கிவிட்டார்கள்.

காரணம் எளிமையானது. அந்த 2 கோடியில் ஒரு பென்னிகூட அடிமையாக இருந்தவர்களுக்குப் போகவில்லை. மொத்தமும் அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்குப் போனது.

நான் 2008லிருந்து இரண்டு வருஷம் ஆன்சைட் வேலையாக இங்கிலாந்தில் இருந்தவன். மாசாமாசம் சம்பளத்தில் வரி பிடித்தார்கள். அதில் ஏதோ ஒரு துளி அந்த 1835ஆம் வருஷக் கடனின் வட்டிக்குப் போயிருக்கும். என்னை விடுங்கள். ஜமைக்காவிலிருந்து வந்து லண்டனில் பஸ் ஓட்டினவங்க, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவங்களை நினைச்சுப் பாருங்க. தங்கள் கொள்ளுத்தாத்தாவைச் சொத்தாக வைத்திருந்தவருக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டை, அவங்களே வரியாகக் கட்டியிருக்காங்க.

இந்த நூலைப் பிடித்துக்கொண்டு சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அடிமைக் கப்பல், சங்கிலி, சாட்டை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியாச்சு. இந்தக் கட்டுரை அடிமை முறை முடிந்த நாளைப் பற்றியது. விடுதலை ஆன அன்னிக்கு யார் கையில் என்ன இருந்தது? இந்த ஒரு கேள்வியை நாலு இடத்தில் கேட்டுப் பார்க்கப் போகிறோம். அடுத்த இருநூறு வருஷம் ஏன் அப்படிப் போச்சு என்பதில் பாதி அதிலேயே புரிந்துவிடும்.

1. பிரிட்டன்: நேர்த்தியான கணக்கு

1833 ஆகஸ்ட் 28ல் அடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்தது. 1834 ஆகஸ்ட் 1 முதல் அமல். கரீபியன் தீவுகள், தென்னாப்பிரிக்காவின் கேப், மொரிஷியஸ் எல்லாம் சேர்த்து சுமார் 8 லட்சம் பேர் இதற்குள் வந்தார்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? இதற்கென்றே ஒரு கமிஷன் போட்டார்கள். மென்பொருள்காரன் கண்ணில் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய டேட்டா புராஜெக்ட்களில் ஒன்று இது. 1830 முடிய எட்டு வருஷம் ஒவ்வொரு காலனியிலும் அடிமைகள் என்ன விலைக்கு விற்றார்கள் என்று எடுத்து சராசரி பார்த்தார்கள். பிறகு ஆட்களை வகை பிரித்தார்கள். மேஸ்திரி, கைத்தொழில் தெரிந்தவர், வயல் வேலைக்காரர், வீட்டு வேலைக்காரர், 6 வயதுக்குட்பட்ட குழந்தை, வயதாகியோ நோயாலோ வேலைக்கு ஆகாதவர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ரேட்.

நஷ்ட ஈடு ஊருக்கு ஊர் மாறியது. புதுக் கரும்புத் தோட்டங்கள் இருந்த பிரிட்டிஷ் கயானாவில் தலைக்குச் சராசரியாக சுமார் 51 பவுண்டு. பழைய மண்ணான ஜமைக்காவில் சுமார் 20 பவுண்டு. அதாவது எந்த மண்ணில் ஒரு மனிதனைக் கசக்கினால் அதிக லாபமோ, அங்கே அவனுக்கு விலை அதிகம். நஷ்ட ஈடும் அதிகம்.

2 கோடி பவுண்டு என்பது அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஒரு வருஷச் செலவில் சுமார் 40 சதவீதம். அவ்வளவு பணம் கஜானாவில் இல்லை. நேதன் ரோத்ஸ்சைல்டும் மோசஸ் மான்டிஃபியோரியும் சேர்ந்து 1835ல் 1.5 கோடி பவுண்டு கடன் திரட்டிக் கொடுத்தார்கள். மீதி அரசுப் பத்திரங்களாகப் போனது. இந்தக் கடன்தான் பின்னாளில் வேறு கடன்களோடு சேர்த்துக் கட்டப்பட்டு 2015 வரை வந்து நின்றது.

சரி, அடிமைகளுக்கு என்ன கிடைத்தது? 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உடனே விடுதலை. மற்ற எல்லோரும் "பயிற்சித் தொழிலாளி" ஆனார்கள். அதே முதலாளியிடம் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலி இல்லாமல் வேலை. வயல் வேலைக்காரர்களுக்கு 6 வருஷம், மற்றவர்களுக்கு 4 வருஷம். பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவருக்கு இன்னும் 6 வருஷம் என்ன பயிற்சி என்று கேட்காதீர்கள். ரொக்கமாகக் கொடுத்தது போதாமல் உழைப்பாகவும் கொடுத்த நஷ்ட ஈடு அது. முதல் நாளே டிரினிடாட் கவர்னர் மாளிகை முன்னால் பெரும்பாலும் வயசானவங்க கூடி, ஆறு வருஷம் முடியாது என்று பிரெஞ்சில் கோஷம் போட்டார்கள். இது போன்ற எதிர்ப்புகளால்தான் இந்த ஏற்பாடு முன்கூட்டியே, 1838 ஆகஸ்ட் 1ல் முடிந்தது.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. முதலாளிகளுக்குப் பணம் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தச் சட்டமே நிறைவேறியிருக்காது, நாடாளுமன்றம் முழுக்க அவர்கள் ஆட்கள்தானே என்பார்கள். உண்மைதான், அன்றைய அரசியல் அப்படி. ஆனால் முதலாளிக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதிலிருந்து, அடிமைக்குப் பூஜ்யம் என்று தானாக வந்துவிடாது. அது தனியாக எடுத்த முடிவு. மனிதனைச் சொத்து என்று ஒத்துக்கொண்டால்தான் நஷ்டம் என்ற பேச்சே வரும். அடிமை முறையை ஒழித்த சட்டமே, அதன் அடிப்படைக் கணக்கை ஒரு முறை சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தது.

2. ஒரு காசோலை போன பாதை

நேர்த்தியான கணக்கில் ஒரு வசதி, பின்னால் வருகிறவர்கள் அதைப் படிக்கலாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கேதரின் ஹால், நிக்கோலஸ் டிரேப்பர் முதலானோர் அந்தக் கமிஷனின் பதிவேடுகளை டேட்டாபேஸாக மாற்றி 2013ல் எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டார்கள். யார், எந்தத் தோட்டம், எத்தனை பேர், எவ்வளவு பவுண்டு என்று தேடலாம். ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்தால் விடிஞ்சிடும், அப்படி ஒரு தளம்.

அதில் தெரிவது என்ன? பணம் கேட்டவர்கள் 40,000 பேருக்கும் மேல். அதில் பத்தில் நாலு பேர் பெண்கள், பலர் ரெண்டு மூணு அடிமைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த விதவைகள். ஆனால் மொத்தப் பணத்தில் ஏறத்தாழ பாதி, பிரிட்டனில் உட்கார்ந்திருந்த சுமார் 3,000 பேருக்குப் போனது. பாதிரியார்கள், பிரபுக்கள், வங்கிக்காரர்கள், எம்.பி.க்கள். அவர்கள் கையிலிருந்து அது ரயில் பாதைகளுக்கும், வங்கிகளுக்கும், காப்பீட்டு நிறுவனங்களுக்கும், மாளிகைகளுக்கும் போனது.

ஒரே ஒரு பெயரை எடுத்துப் பார்ப்போம். ஜான் கிளாட்ஸ்டோன், லிவர்பூல் வியாபாரி. பிற்காலத்தில் நாலு முறை பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டோனின் அப்பா. 2,508 அடிமைகளுக்காக இவருக்குக் கிடைத்தது 1,06,769 பவுண்டு. கயானாவில் 1823ல் நடந்த பெரிய அடிமைக் கிளர்ச்சி இவருடைய தோட்டமான 'சக்ஸஸ்'ஸில்தான் தொடங்கியது.

காசோலை கைக்கு வந்தாச்சு. அடுத்த கவலை, இனி கரும்பு வெட்ட யார்? விடுதலையானவர்கள் கூலி கேட்பார்கள், பேரம் பேசுவார்கள். 1836 ஜனவரியில் அவர் கல்கத்தாவில் இருந்த ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கிடைப்பார்களா என்று. கிடைத்தார்கள். 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் 1838 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து கிளம்பி மே மாதம் கயானா போய்ச் சேர்ந்தன. பயிற்சிக் காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே மாற்று ஆட்கள் தயார்! அதிலிருந்து 1917 வரை சுமார் 2,39,000 இந்தியர்கள் கயானாவுக்குப் போனார்கள். மெட்ராஸ் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும் அதில் ஒரு பங்கு. கயானாவில் இன்றும் 'மதராஸி' மாரியம்மன் கோயில்கள் இருப்பது அப்படித்தான்.

இதே சமயத்தில் விடுதலையானவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1839 நவம்பரில், அதாவது முழு விடுதலை கிடைத்து ஒன்றேகால் வருஷத்தில், 83 முன்னாள் அடிமைகள் காசு சேர்த்து கயானாவில் கைவிடப்பட்ட ஒரு தோட்டத்தையே விலைக்கு வாங்கினார்கள். பணத்தைத் தள்ளுவண்டியில் நாணயங்களாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்பார்கள். அந்த இடத்துக்கு விக்டோரியா என்று பெயர் வைத்தார்கள், இன்றும் அது ஒரு கிராமம். சுதந்திரம் கிடைத்ததும் அவர்கள் முதலில் வாங்கியது நிலம்.

ஆனால் ஆட்டம் சமமாக இல்லை. தோட்டக்காரர்களுக்கு நஷ்ட ஈட்டுப் பணம் இருந்தது, மலிவான கூலி வந்தது. அந்தக் கூலிகளைக் கொண்டுவரும் செலவில் ஒரு பகுதி காலனியின் பொது வருவாயிலிருந்து போனது. அதாவது, தன் கூலியைக் குறைக்க வரும் ஆளின் கப்பல் கட்டணத்துக்கு முன்னாள் அடிமையும் வரி கட்டினான். கறுப்பர்களுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் நடுவே கயானா அரசியலில் இன்றுவரை இருக்கும் பிளவின் வேர் இங்கேதான் இருக்கிறது. இரண்டு தரப்பையும் கொண்டுவந்து ஒரே வயலில் மோத விட்டவர் மட்டும் அந்தச் சண்டையில் இல்லை. 2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டோனின் வம்சாவளியினர் சிலர் கயானாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

3. ஹைட்டி: அடிமையே கட்டிய நஷ்ட ஈடு

பிரிட்டனில் அரசாவது கட்டியது. ஹைட்டியில் விடுதலை வாங்கியவர்களே கட்டினார்கள்.

1791ல் கிளர்ந்தெழுந்து, நெப்போலியன் அனுப்பிய படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி 1ல் சுதந்திரம் அறிவித்த நாடு ஹைட்டி. உலகத்தில் அடிமைகள் சண்டை போட்டு உருவாக்கிய ஒரே நாடு. 1825ல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பினார். 15 கோடி பிராங்க் கொடுத்தால் உங்களை நாடாக அங்கீகரிக்கிறோம், இல்லையென்றால் பீரங்கி. எதற்கு 15 கோடி? பிரெஞ்சு முதலாளிகள் இழந்த தோட்டங்களுக்காகவும் மனிதர்களுக்காகவும். ஒப்பிட்டுப் பாருங்கள்: 1803ல் பிரான்ஸ் லூசியானா என்ற பிரம்மாண்ட நிலப்பரப்பையே அமெரிக்காவுக்கு 8 கோடி பிராங்குக்குத்தான் விற்றது.

முதல் தவணை 3 கோடி. அவ்வளவு பணம் ஹைட்டியிடம் இல்லை. ஆகவே பிரெஞ்சு வங்கிகளிடமே கடன் வாங்கச் சொன்னார்கள். வங்கிகள் 60 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு மீதி 2.4 கோடியைக் கொடுத்தன. நம்ம ஊர் கந்துவட்டிக்காரர் முதல் மாச வட்டியைக் கழித்துக்கொண்டு கொடுப்பாரே, அதே முறை. 1838ல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆனால் நஷ்ட ஈட்டைக் கட்ட ஒரு கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போய், கடைசிப் பாக்கி தீர்ந்தது 1947ல். நடுவில், 1914 டிசம்பரில், அமெரிக்கக் கடற்படையினர் இறங்கி ஹைட்டி வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை நியூயார்க்குக்கு எடுத்துப் போனார்கள். மறு வருஷம் நாட்டையே பிடித்து 1934 வரை வைத்திருந்தார்கள்.

ஹைட்டி ஏன் இவ்வளவு ஏழை என்று பேசும்போது ஊழல், சர்வாதிகாரம், பூகம்பம் எல்லாம் சொல்வார்கள். அதெல்லாமும் நிஜம்தான். ஆனால் ஒரு நாட்டின் காபி வருமானத்தில் ஒரு பங்கு பல வருஷம் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் போகாமல் பாரிஸுக்குப் போனால் அங்கே என்ன மிஞ்சும்?

4. அமெரிக்கா: நாற்பது ஏக்கர்

அமெரிக்காவில் 1860 கணக்கெடுப்பின்படி அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். அங்கே பெரும்பான்மை விடுதலை உள்நாட்டுப் போரில் வந்தது, முதலாளிகளுக்கு நஷ்ட ஈடு இல்லை. விதிவிலக்கு, தலைநகர் வாஷிங்டன். 1862 ஏப்ரல் சட்டப்படி அங்கே முதலாளிக்குத் தலைக்கு 300 டாலர் வரை கொடுத்தார்கள். அதே சட்டத்தில் விடுதலையானவருக்கும் ஒரு தொகை உண்டு: 100 டாலர் வரை, நாட்டை விட்டுப் போவதாக இருந்தால்!

1865 ஜனவரி 12ல் ஜார்ஜியாவில் உள்ள சவான்னாவில் ஜெனரல் ஷெர்மன் 20 கறுப்பினப் பாதிரியார்களைக் கூப்பிட்டுப் பேசினார். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதுதான் விஷயம். அவர்கள் சார்பில் பேசிய காரிசன் ஃபிரேசியர் 67 வயதுக்காரர், 1,000 டாலர் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் தானே விலைக்கு வாங்கி விடுவித்துக்கொண்டவர். அவர் தெளிவாகச் சொன்னது: எங்களுக்கு நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பில் உழுது நாங்களே எங்களைப் பார்த்துக்கொள்வோம்.

நாலே நாளில் ஷெர்மனின் உத்தரவு வந்தது. கடலோர நிலங்களில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறி விதைக்கவும் ஆரம்பித்தார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்பு வழங்கி, அந்த வருஷமே நிலத்தையும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தார். உழுதவர்கள் வெளியே.

பிறகு என்ன, குத்தகைதான். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, விதையும் சாப்பாடும் அவர் கடையில் கடனுக்கு, அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கி இவர் பக்கம். சேமித்தவர்களின் கதி இன்னும் மோசம். விடுதலையானவர்களுக்கென்று 1865ல் தொடங்கிய சேமிப்பு வங்கி, நிர்வாகத்தில் இருந்தவர்களின் ஊதாரிக் கடன்களால் 1874ல் மூடப்பட்டது. 61,000 பேரின் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் மாட்டிக்கொண்டது. 1935ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விலக்கியது. கறுப்பர்களில் பெரும்பாலோர் செய்த வேலை அந்த இரண்டும்தான்.

கேட்கவே இல்லையா என்றால், கேட்டார்கள். கேலி ஹவுஸ் என்ற பெண்மணி அடிமையாகப் பிறந்தவர், டென்னிசியில் துணி துவைத்துப் பிழைத்தவர். முன்னாள் அடிமைகளுக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று பெரிய இயக்கமே நடத்தினார். அரசு 1917ல் அவரைத் தபால் மோசடிக் குற்றச்சாட்டில் சிறையில் போட்டது. கிடைக்கவே முடியாத பணத்தைக் கிடைக்கும் என்று மக்களிடம் சொன்னாராம்!

அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில், நடுநிலை வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். ஆறு மடங்குக்கு மேல்.

5. நம்ம பக்கம்: கணக்கே இல்லாத விடுதலை

இப்போது 1833 சட்டத்துக்கே திரும்பி வருவோம். அதன் 64ஆம் பிரிவைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. இந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கும், சிலோனுக்கும், செயின்ட் ஹெலினாவுக்கும் பொருந்தாது என்கிறது அது. அன்றைக்குச் செங்கல்பட்டிலும் தஞ்சாவூரிலும் நிலத்தோடு சேர்த்து அடமானம் வைக்கப்பட்ட, விற்கப்பட்ட மனிதர்கள் இருந்தார்கள். அடிமை, படியாள், பண்ணையாள் என்று பெயர் மாறும். பெரும்பாலும் பறையரும் பள்ளரும். கரீபியனில் நிறத்தில் நடந்த கணக்கு இங்கே சாதியில் நடந்தது.

இங்கே சட்டம் வந்தது 1843ல், ஐந்தாம் எண் சட்டம். நாலே பிரிவுகள். வரிப் பாக்கிக்காக அரசு அதிகாரிகள் அடிமையை ஏலம் விடக்கூடாது. அடிமை மேல் உரிமை கோரி வரும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது. அடிமை என்பதற்காக ஒருவர் சம்பாதித்த சொத்தைப் பிடுங்க முடியாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் எது குற்றமோ அது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். அவ்வளவுதான். "இன்றுமுதல் நீங்கள் விடுதலை" என்ற வரி அதில் கிடையாது. அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகூட இல்லை, அதற்கு இந்திய தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

முதலாளிக்கு நஷ்ட ஈடு இல்லை, அடிமைக்கும் இல்லை, பதிவேடும் இல்லை. ஜமைக்காவில் 1834ல் விடுதலையானவரின் பேரன் இன்று டேட்டாபேஸில் ஒரு தோட்டத்தின் பெயரையாவது தேடிப் பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பண்ணையாளின் பேரனுக்கு அந்த வசதிகூட இல்லை.

முதலாளி இழந்தது என்ன? கிட்டத்தட்ட எதுவும் இல்லை. நீதிமன்றம் போகாமலேயே ஆளைக் கட்டிப்போட இன்னொரு கயிறு இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன், சாவுக்கு வாங்கிய கடன், அது அப்பனிலிருந்து மகனுக்கு. அதைவிடப் பலமான கயிறு, குடிசை நின்ற மண். 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். சேரியில் குடிசை போட்டிருக்கும் இடம்கூட மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையை அது எடுத்துக் காட்டியது. ஜமைக்காவிலும் 1838க்குப் பிறகு தோட்டக்காரர்கள் இதே வழியைத்தான் பிடித்தார்கள். அடிமைகள் தாங்களே கட்டிக் குடியிருந்த குடிசைக்கு வாடகை போட்டு, வேலைக்கு வராவிட்டால் வெளியேற்றினார்கள். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொண்டதில்லை. நிலம் ஒருத்தர் கையிலும் உடம்பு மட்டும் இன்னொருத்தர் கையிலும் இருந்தால் எங்கேயும் அப்படித்தான் நடக்கும்.

டிரமென்ஹீர் அறிக்கையின் விளைவாக 1892ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்க அரசாணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். அப்படியும் பெருமளவு கைமாறிப் போனது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டு பக்கம் காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுப் போராடியபோது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் இறந்தார்கள். டிரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டம், நூறு வருஷம் கழித்து.

6. "எப்பவோ நடந்ததுக்கு இப்ப என்ன?"

இந்தக் கேள்வி எல்லா நாட்டிலும் வரும். என் பதில் கணக்கில்தான். 100 ரூபாயை 3 சதவீதக் கூட்டு வட்டியில் 180 வருஷம் விட்டால் சுமார் 20,000 ரூபாய். பூஜ்யத்தை எத்தனை வருஷம் விட்டாலும் பூஜ்யம். ஹைட்டி மாதிரிக் கடனில் ஆரம்பித்தால் அதே வேகத்தில் கீழே போகும். இதில் யாரும் புதிதாக ஒரு தப்பும் செய்யவேண்டியதில்லை. எல்லோரும் நல்லவர்களாக இருந்தால்கூட, தொடக்க இருப்பு சரியில்லாத கணக்கு தானாகச் சரியாகாது.

வாழ்க்கை வட்டி டேபிள் இல்லை என்பது எனக்கும் தெரியும். பணக்காரன் பேரன் தெருவுக்கு வந்ததும் உண்டு, கூலிக்காரர் பேத்தி கலெக்டர் ஆனதும் உண்டு. ஆனால் லட்சக்கணக்கான குடும்பங்களின் சராசரியை எடுத்தால் அந்த முதல் நாள் இருப்பு தெரியத்தான் செய்கிறது. வீடு, படிப்பு, அவசரத்துக்கு அடகு வைக்க ஒரு துண்டு நிலம், ஜாமீன் கையெழுத்துப் போட ஒரு மாமா என்று பல உருவத்தில் அது வந்துகொண்டே இருக்கும்.

பணம் சரியான திசையில் போன சட்டம் ஒன்றாவது உண்டா என்று தேடினால், நம் நாட்டிலேயே ஒன்று கிடைக்கிறது. 1976ன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். அது கொத்தடிமையின் கடனை ரத்து செய்தது, கடன் கொடுத்தவருக்கு எந்த ஈடும் இல்லாமல். விடுவிக்கப்படுபவருக்கு மறுவாழ்வு உதவி தரவேண்டும் என்ற ஏற்பாடு பின்னால் சேர்ந்தது. 2016லிருந்து ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிக மோசமான கொடுமை என்றால் 3 லட்சம் ரூபாய். 1833ன் கணக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பிய சட்டம் இது. கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இதிலும் சின்ன எழுத்தைப் படிக்கவேண்டும். முழுத் தொகையும் முதலாளி மேல் போட்ட வழக்கில் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போடப்பட்டது. வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும். தமிழ்நாட்டின் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் சில ஆயிரம் முன்பணத்துக்காக வருஷக்கணக்கில் அடைபட்ட இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்தி அடிக்கடி வரும். தாசில்தார் ஆபீஸ் வாசலில் விடுதலைச் சான்றிதழோடு நிற்கும் போட்டோவும் வரும். அத்தோடு செய்தி முடிந்துவிடும்.

அடுத்த முறை அப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் ரெண்டு விஷயம் பாருங்கள். அந்தக் குடும்பத்துக்கு வரவேண்டிய பணம் வந்ததா? திரும்பிப் போகிற ஊரில் அவர்கள் குடிசை போடப் போகும் இடத்துக்குப் பட்டா அவர்கள் பெயரில் இருக்கிறதா? ரெண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அடுத்த சீசனுக்கு முன்பணத்தோடு வரும் ஆளுக்கு அவர்கள் என்ன பதில் சொல்ல முடியும்?